போர்த்துகல் வாரிசுக்கு நான் செய்தது

பீடோங் பசாருக்குப் பின்புறத் தெருவில் எனக்கு ஒரு போட்டோஸ்டேட் கடை இருக்கிறது. நகல் எடுப்பது பாதி வேலை; விண்ணப்பப் பாரம் நிரப்புவதும் மனு எழுதுவதும் மீதி வேலை. சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். வார இறுதியில் எனக்கு இன்னொரு தொழில் உண்டு. கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி விழா என்று எங்கே மேடை போட்டாலும் மைக் பிடிப்பவன் நான். என் குரலைப் பற்றி எனக்கு அளவுக்கு மீறிய பெருமை இருந்தது. இங்கே சொல்லப்போகும் கேவலத்துக்கு அந்தப் பெருமைதான் காரணம். வேறு யார் மேலும் பழியைப் போட முடியாது. போட்டுப் பார்த்துவிட்டேன், நிற்கவில்லை.

அந்தப் பெரியவர் முதல்முறை கடைக்கு வந்தபோது வழி தவறிய சுற்றுலாப் பயணி என்றுதான் நினைத்தேன். எண்பதை நெருங்கிய வெள்ளைக்காரர். கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை. அந்த வெயிலில் யான் என்னும் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். வெள்ளைக்காரர் என்பதால் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் செய்தி வாசிப்பவர்போலத் திருத்தமான மலாயில் கேட்டார்.

"இந்தக் காகிதங்கள் பழையவை. மடிப்பில் கிழியாமல் நகல் எடுக்க முடியுமா?"

ஞானஸ்நானச் சான்றிதழ்கள், கையால் வரைந்த வம்சப் படம், அரக்கு முத்திரை வைத்த ஏதோ கடிதங்கள். என்னவென்று கேட்டேன். பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "போர்த்துகல் நாட்டின் அரியணைக்கு நான் வாரிசு. அதற்கான ஆதாரங்கள் இவை."

அவர் போன பிறகு, பின்னால் பைண்டிங் செய்துகொண்டிருந்த என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம்ங்க. வயசானவரு. ஒழுங்கா எடுத்துக் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதும் கடிதங்களுக்கு நகல் எடுத்துக்கொள்வார். மெஷின் ஓடும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தம் கதையைச் சொல்வார். அவருடைய முன்னோர் ஒருவர் அரசராக இருந்து, சொந்தக் குடும்பத்துக்குள் நடந்த சண்டையில் தோற்றுப்போனார். அவரைக் கப்பலேற்றி அனுப்பியதோடு, அவருடைய வழியில் பிறக்கும் யாரும் அந்த மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று சட்டமும் போட்டுவிட்டார்கள். உரிமை கோருபவர்கள் வேறு கிளைகளிலும் உண்டு. தம்முடையது சின்னக் கிளை, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

அவர் பிறந்தது குளிர் மிகுந்த வேறொரு நாட்டில், வாடகை வீட்டில். பிரசவ நாள் நெருங்கியபோது அவருடைய அம்மா, போர்த்துகலிலிருந்து ஒரு மூட்டை மண்ணை எப்படியோ வரவழைத்துத் தட்டுகளில் பரப்பிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். பிள்ளை சொந்த மண்ணின் மேல் பிறக்க வேண்டும் என்று.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்போது என் மேசையில் ஓர் அம்மாவின் மனு இருந்தது. இங்கேயே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. ஐம்பது வயது தாண்டியும் குடிமக்களுக்கான நீல அட்டை இல்லை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். அதைக் காட்டி, "ஐயா, எங்கள் ஆட்கள் தட்டில் இல்லை, இந்தத் தரையிலேயே பிறந்திருக்கிறார்கள். அப்படியும் நீல அட்டை கிடைக்கவில்லை" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுவை வாங்கி மெதுவாகப் படித்தார். அதன்பிறகு கடைக்கு வரும்போதெல்லாம் தம் காகிதங்களை எடுப்பதற்கு முன்னால், "அந்த அம்மாவுக்கு அட்டை வந்ததா?" என்று கேட்பார். மனு எழுதிக் கொடுத்த எனக்கே சில மாதங்களில் அது மறந்துவிட்டிருந்தது.

அந்தத் தடைச் சட்டத்தை அவர் சிறுவனாக இருந்தபோதே நீக்கிவிட்டார்கள். முப்பது வயதில்தான் அவர் ரயிலேறிப் போனார். எல்லையில் அதிகாரி முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினாராம். அரண்மனையைச் சுற்றிப் பார்க்க மற்றவர்களோடு டிக்கெட் வாங்கி உள்ளே போனார். அந்த முன்னோரின் படம் சுவரில் இருந்தது. அருகில் போய்ப் பார்த்தபோது காவலாளி, தள்ளி நில்லுங்கள் என்றான். தள்ளி நின்றார். சாயங்கால ரயிலில் திரும்பிவிட்டார். பிறகு ஒரு கப்பல் நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. மனைவி இறந்ததும், எப்போதோ பினாங்குக்கு வந்தபோது பார்த்த ஜெராய் மலை நினைவுக்கு வர, யானில் வயலோரமாக ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கிவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பரிசளிப்பு விழா. சிறப்பு விருந்தினராக வருவதாக இருந்த ஒய்பிக்கு, அதாவது சட்டமன்ற உறுப்பினருக்கு, வேறு நிகழ்ச்சி வந்துவிட்டது. இரண்டு நாள்தான் இருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் கடைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பேனர்லாம் அடிச்சாச்சுண்ணே. இப்ப யார கூப்புடுறது?"

"ஒய்பி என்னா ஒய்பி," என்றேன். "நான் ராஜாவையே கொண்டாரேன் லா."

யானுக்கு மோட்டார் சைக்கிளில் போய்க் கேட்டேன். பெரியவர் வெகுநேரம் யோசித்தார். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பது என்றால் வருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "எந்தப் பட்டமும் சொல்லாதீர்கள். இது சுல்தான் ஆளும் மாநிலம். இன்னொருவர் நாட்டில் இருந்துகொண்டு மேடையில் அப்படி அழைக்கப்படுவது முறையில்லை. யானில் வசிக்கும் ஒரு முதியவர் என்று சொன்னால் போதும்."

சரி என்று தலையாட்டினேன்.

மேடையில் ஏறி, மண்டபம் நிறைய ஆட்களைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர வேண்டும் என்று இருந்தது. "நாடிழந்த அரச வம்சத்தின் வாரிசு, போர்த்துகல் அரியணையின் உண்மையான உரிமையாளர், மாமன்னர்" என்று தமிழிலும் மலாயிலும் முழங்கினேன். எல்லாரும் நிமிர்ந்தார்கள். கைதட்டல் எழுந்தது. பெரியவர் என்னைப் பார்த்தார். பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, நடு நாற்காலியில் அவரை உட்காரவைத்தோம்.

கால்மணி நேரம் கழித்துத் தலைவர் மேடைப் பக்கவாட்டுக்கு என்னை இழுத்தார். கையில் போன். யாரோ தேடி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கிளையின் உரிமையை எந்த அரசாங்கமும் ஏற்கவில்லை என்றும், அவர் தம்மைத்தாமே அப்படி அழைத்துக்கொள்கிறார் என்றும் அதில் இருந்தது.

"என்னாண்ணே இது? கீழ ஆபீசருங்க உக்காந்திருக்காங்க. சுல்தான் இருக்கற எடத்துல இன்னொருத்தர ராஜான்னு சொல்லியிருக்கீங்க. அதுவும் அந்தக் காலத்துல மலாக்காவப் புடிச்சு ஆண்ட நாட்டு ராஜா. நாளைக்கு யாராவது போலிஸ் ரிப்போட் போட்டா ஸ்கூல் பேருதான் கெடும்."

"நான் பாத்துக்கறேன்," என்றேன்.

பெரியவர் அப்படி அறிவிக்கச் சொல்லவில்லை, நான்தான் மிகைப்படுத்திவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அது உண்மையும்கூட. ஆனால் மைக்கைப் பிடித்தபோது வேறு வாக்கியங்கள் வந்தன. "ஒரு சிறிய திருத்தம். முன்பு சொன்னது விருந்தினர் தம்மைப் பற்றித் தாமே கொடுத்த தகவல். பள்ளிக்கும் எனக்கும் அதில் சம்பந்தமில்லை. அவரை எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்." அதையே மலாயிலும் சொன்னேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. "மலாக்காவைத் திருப்பிக் கேட்க வந்துவிட்டாரோ என்னவோ" என்று மலாயில் சேர்த்தேன். இப்போது மண்டபமே சிரித்தது.

அவருக்கு மலாய் தெரியும். ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். மாலையைக் கழற்றினார். பொன்னாடையை மடித்து மடிமேல் வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே எழுந்து, நடு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, வரிசையின் ஓரத்தில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பரிசுகளைத் தலைவர் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளை மேடையேறும்போதும் பெரியவர் கைதட்டினார். கடைசிப் பிள்ளைவரை தட்டினார்.

அவரை என் காரில்தான் யானுக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. ஒலிபெருக்கிச் சாமான்களை ஏற்ற வேண்டும் என்று சொல்லிப் பள்ளி வேனில் அனுப்பிவிட்டேன். வேனில் ஏறும்போது என் பக்கம் திரும்பி, "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் அன்று தூங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் வழக்கமான நாளில் தெருவில் அவர் வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எழுந்து பின்னறைக்குப் போய்விட்டேன். நான் இல்லை என்று சொல்லும்படி மனைவிக்குச் சைகை செய்தேன். அவளிடம் விழாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சின்ன ஊரில் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? காகித அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டேன். அவர் போனதும் அவள் வந்து கதவருகே நின்றாள்.

"போயிட்டாரு. வெளிய வாங்க."

"என்னா கேட்டாரு?"

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன்." திரும்பி நடந்தபடி, "பொய் சொன்ன மாதிரியே இல்ல எனக்கு," என்றாள்.

ஐந்து மாதம் இப்படியே போனது. அவர் வருவார்; நான் உள்ளே போவேன்; அவள் நகல் எடுத்துக் கொடுப்பாள். ஆறாவது மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அலோர் ஸ்டார் மருத்துவமனையிலிருந்து எனக்குப் போன் வந்தது. நுரையீரலில் நீர் கோத்து, வாடகை வீட்டின் சொந்தக்காரர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் பெரியவர் என் பெயரையும் கடை எண்ணையும் எழுதியிருந்தார். உறவு என்ற கட்டத்தில் 'கவான்' என்று போட்டிருந்தார். நண்பன்.

நானும் மனைவியும் போனோம். வழி நெடுக அவரிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் மலாயில் கோத்துக்கொண்டே கார் ஓட்டினேன். வார்டு வாசலில் தாதி ஒருவர் என்னை நிறுத்தி, நோயாளிக்கு நான் யார் என்று கேட்டார். "கடைக்கு வருகிறவர். தெரிந்தவர்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது அதுதான். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் கடக்கவில்லை.

பெரியவர் பிராணவாயுக் குழாயோடு கண்மூடிக் கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். என்னைத் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், விரல்களை அசைத்தார். வழியில் கோத்துவைத்த சொற்களில் ஒன்றும் வரவில்லை. "அந்த அம்மாவுக்கு நீல அட்டை வந்துவிட்டது, ஐயா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நான் சொன்னது உண்மையில்லை. அந்த மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் கைதட்டல் தேடியிருக்கிறேன்.

இரண்டு நாளில் அவர் இறந்துபோனார்.

ஐரோப்பாவிலிருந்து அவருடைய தங்கை மகள் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. எங்கோ பள்ளி ஆசிரியையாம். அலோர் ஸ்டாரிலேயே கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் நடந்தது. யான் வீட்டுக்காரரும் அவர் மனைவியும், நாங்கள் இருவரும், பாதிரியாரும், அந்தப் பெண்ணும்தான். அடக்கம் முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார். அரியணை விஷயத்தைக் குடும்பத்தில் எல்லாரும் எப்போதோ விட்டுவிட்டார்களாம். மாமா மட்டும் தம் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாராம். அதனால் அவரை எங்கே போனாலும் கேலி செய்தார்கள் என்றார்.

"இங்கேயுமா?" என்று என்னைக் கேட்டார். "இங்கே அவரை எப்படி நடத்தினார்கள்?"

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்கே எல்லாரும் அவரை மதித்தார்கள்," என்றேன். "ஒரு பள்ளி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக்கூட அழைத்தோம். மாலை போட்டோம்."

அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்துவிட்டன. என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, அவருக்கு அப்படி ஒரு நாள் கிடைத்ததற்கு நன்றி என்று சொன்னார். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.