சண்டி எஞ்சின்

எங்கள் பாதைக்கு வந்த அந்த ரக டீசல் எஞ்சின்களுக்கு நாங்கள் வைத்த பெயர் சண்டிமாடு. நன்றாக இழுத்துக்கொண்டே வந்து, திடீரென்று அணைந்துவிடும்.

ஒரு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பயணிகள் வண்டியை ஓட்டி வந்தேன். ராஜபாளையத்துக்கு முந்தின கேட்டில், பெட்டிகள் சாலையை மறித்து நிற்க, எஞ்சின் அணைந்தது. எவ்வளவோ முயன்றும் கிளம்பவில்லை. வேறு எஞ்சின் அனுப்பச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு உதவி டிரைவர் சும்மா ஒருமுறை முயல, சனியன் உறுமிக்கொண்டு எழுந்தது!

ஆனால் உதவி கேட்டபின் ஓர் அடிகூட நகரக் கூடாது. அதே தண்டவாளத்தில் இன்னொரு எஞ்சின் எங்களை நோக்கி வரும்.

கேட்டில் நின்ற ஆட்டோவில் ஒரு பெண் பிரசவ வலியில் அலறினாள். அவளுடைய அம்மா ஓடிவந்து கும்பிட்டார். "இஞ்சின்தான் ஓடுதுல்லா சார், செத்த முன்னால எடுங்களேன்!"

"எடுக்கக் கூடாதும்மா."

"நீரெல்லாம் மனுசந்தானா?"

அப்போது முதல் பெட்டியிலிருந்து ஒரு அம்மாள் கத்தினார்: "அவர்ட்ட என்ன பேச்சு? பிள்ளைய இங்கன தூக்குங்க!"

கைகள் நீண்டன. அந்தப் பெண்ணை ஒரு வாசலில் ஏற்றி, மறு வாசலில் இறக்கி, எதிர்ப்பக்கம் நின்ற ஆட்டோவில் அனுப்பிவிட்டார்கள்.

விதி சரிதான், இன்றும் நகர்த்த மாட்டேன். ஆனால் வண்டியென்றால் நகர்ந்துதான் உதவ வேண்டுமென்று நினைத்திருந்தேன். அன்று அது நின்றபடியே ஒருத்தியை அக்கரை சேர்த்தது. ஓடுகிற எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தவன் நான்தான்.