பாளையங்கோட்டையில் ஏசி இல்லாத நான்கு மாடி

பெரம்பூரில் நாங்கள் இருக்கும் பதினாறு வீட்டு அடுக்குமாடியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். கட்டுநர் கொடுத்த வரைபடத்தில் முகப்பு முழுக்கக் கண்ணாடி, அறைக்கு அறை ஏசி, குளியலறைக்கு ஜன்னலே கிடையாது. என் ஒன்பது வயது மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அடைத்த அறையும் ஈரச் சுவரும் அவளுக்கு ஆகவே ஆகாது. "காற்றோட்டமாகக் கட்டலாமே" என்று கூட்டத்தில் சொன்னேன். "அப்படி எங்கயாவது ஒரு கட்டடம் நிக்குதா? காட்டுங்க, பார்க்கலாம்" என்றார்கள். பாளையங்கோட்டையில் நிற்பதாக ஒரு தோழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வரைபடத்துக்கு வாக்கெடுப்பு. மே மாதக் கத்திரி வெயிலில், வியாழன் மாலையே ரயிலேறிவிட்டேன். கைப்பையில் ஒரு வெப்பமானி!

வெள்ளி காலை 6.40க்கு நெல்லை சந்திப்பு. வண்ணார்பேட்டையில் ஒரு விடுதியில் குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். நான்கு கிலோமீட்டருக்கு நூற்றிருபது ரூபாய். (நகரப் பேருந்தும் அடிக்கடி உண்டு. எனக்குத்தான் பொறுமையில்லை.) விஷயத்தைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஏசி இல்லாத வீட்டைப் பாக்கவா மெட்ராஸ்ல இருந்து வந்திய? எங்க தெருவுல எல்லாமே அப்படித்தான் இருக்கு, இறங்கிப் பாக்குதியளா?"

தோழி சொல்லிவைத்திருந்ததால், கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர் எஸ்தர் வாசலிலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் மாடியில் அவரே குடியிருக்கிறார். மொத்தம் பன்னிரண்டு வீடுகள், நடுவில் அடியிலிருந்து உச்சிவரை திறந்த முற்றம். ஒவ்வோர் அறைக்கும் தெருப்பக்கம் ஒரு ஜன்னல், முற்றத்துப் பக்கம் ஒரு ஜன்னல். சுவர்கள் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல். மொட்டைமாடித் தளத்தில் கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். "ஓடு போட்ட இடத்துக்கு அவ்வளவு சிமெண்டு வேண்டாம்லா? சிமெண்டு சுடுததுக்கு எரிக்கிற கரியும் மிச்சம்" என்றார் எஸ்தர். ஜன்னல் சட்டங்கள் பழைய வீடுகளை இடித்தெடுத்த மரம், நெல்லைப் பேட்டையில் ஒரு பட்டறையில் அறுத்துச் செய்தவை.

பகல் ஒன்றரை மணிக்கு வெளியே நிழலில் 39 டிகிரி. எஸ்தர் வீட்டில் 32! எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அதே வேகத்தில் மேல்மாடிக்கு ஏறினேன். அங்கே 36. காற்று அசையவேயில்லை. மனசு விட்டுப்போனது. இதை எப்படி ஊரில் போய்ச் சொல்வது?

கூடவே ஏறிவந்த எஸ்தரின் முகமும் மாறிவிட்டது. விறுவிறுவென்று மொட்டைமாடிக்குப் போனார், நான் பின்னாலேயே ஓடினேன். முற்றத்தின் வாயை நான்கு பிளாஸ்டிக் தகடுகள் மூடியிருந்தன. மேல்வீட்டுக்காரர் சங்கரன், துணிக்கடை வைத்திருப்பவர், சத்தம் கேட்டு வந்தார்.

"அண்ணாச்சி, இது எப்ப போட்டிய?"

"போன வாரம் ஒரு மழை பெஞ்சுதுல்லா? சாரல் அடிச்சு வீடெல்லாம் தண்ணி. உங்கிட்ட சொன்னா நீ விடமாட்டன்னுதான் சொல்லல."

"இதுவழியாத்தான் சூடு வெளிய போவுது அண்ணாச்சி. அடைச்சிட்டா பன்னெண்டு வீட்டுச் சூடும் உங்க தலைக்கு மேலதான் நிக்கும்."

"அதான் ஒரு வாரமா தூக்கமே இல்லியா!" என்ற சங்கரன் வேட்டியை மடித்துக் கட்டினார். "பைய, மெதுவா பிடிங்க, ஒடஞ்சிராம."

மூன்று பேரும் சேர்ந்து தகடுகளைக் கழற்றினோம். கீழே இறங்கியபோது அவர் வீட்டுத் திரைச்சீலை முற்றத்துப் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் 34. அதற்குள் சங்கரனே ஒரு வழி சொன்னார்: "தகடை ரெண்டடி தூக்கி, காலு வச்சு நிப்பாட்டுனா என்ன? மழையும் வராது, சூடும் போயிரும்." எஸ்தர் அவரையே பார்த்தார். "இத நான் மொதல்லயே வரஞ்சிருக்கணும்" என்றார். அந்தக் கூரையின் படத்தை அங்கேயே எனக்கும் ஒரு தாளில் வரைந்து கொடுத்தார்.

இப்படி வீடு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் போகாதீர்கள், எந்த வீடும் காலையில் நன்றாகத்தான் இருக்கும். வெயில் நேரத்தில் போய், கடைசி மாடிவரை ஏறுங்கள். கட்டியவரிடம் பேசுவதைவிட அங்கே வசிப்பவரிடம் அதிக நேரம் பேசுங்கள். சிக்கல் இருந்தால் பயப்படாமல் கேளுங்கள். நான் கற்றதெல்லாம் அந்தச் சிக்கலில்தான். ஒரு பகல் போதும். சாயங்காலம் கொக்கிரகுளம் பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்த்துவிட்டு ரயிலேற நேரமிருக்கும்.

ஞாயிறு கூட்டத்தில் சண்டை பலமாக இருந்தது. முற்றத்துக்காக வீட்டுக்கு நாற்பது சதுர அடி போகிறதே என்று பலருக்கு வருத்தம். மேல்மாடியில் பார்த்த 36ஐயும் மறைக்காமல் சொன்னேன், கூரைப் படத்தையும் காட்டினேன். ஒன்பதுக்கு ஏழு. ஜெயித்துவிட்டோம்! இரண்டு வாரம் கழித்துப் புது வரைபடம் வந்தபோது மகள் அதைத் தரையில் விரித்து, "அம்மா, என் ஜன்னல் எது?" என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து இரண்டு இடங்களில் வைத்தேன்.