என் பெயரில் வந்த அவருடைய விமர்சனங்கள்

ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்த சொற்களை எடுத்து, மேலே என் பெயரைப் போட்டு, ஏறக்குறைய ஒன்றரை வருடம் பத்திரிகையில் எழுதினேன். அவர் இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். நான் அதே தோட்டத்துப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவன். அவர் பேசியது மேல்நாட்டு ரொக், ஹிப் ஹொப் இசைத்தொகுப்புகளைப் பற்றி. களவெடுக்க வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அந்த நேரம் தேவைப்பட்டது அதுதான்.

இசைக்குழுக்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொழும்பு வாரப் பத்திரிகையொன்றின் பத்திராதிபர், என்னுடன் யாழ்ப்பாணத்தில் படித்தவர், இளைஞர் பக்கத்துக்கு மேல்நாட்டு இசை பற்றி வாராவாரம் எழுதித் தரும்படி கேட்டார். என் ஆங்கிலத்தில் அவருக்கு நம்பிக்கை. எனக்கும் என் ஆங்கிலத்தில் நம்பிக்கை. அந்த இசைதான் எனக்குப் பிடிக்காது. பிடித்ததெல்லாம் அந்த இசையைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதுகிற வசனங்கள். தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி மனேஜர், தன் பங்களாவில் குவிந்து கிடந்த பழைய இசைச் சஞ்சிகைகளை எனக்குக் கட்டிக்கட்டாகக் கொடுத்தார். விமர்சகர்கள் எதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்களோ அதற்கு நானும் கொடுத்தேன். வேண்டிய தொகுப்பை ஹட்டனில் ஒரு கடையில் கசெற்றில் பதிந்து தருவார்கள். நான் பெரும்பாலும் போகவில்லை. கேட்டால் ஒரு மணித்தியாலம் போய்விடும், வாசித்தால் கால் மணித்தியாலத்தில் கட்டுரை வந்துவிடும்.

அப்படித்தான் ஒரு வாரம், நான் ஒரு பாட்டுக்கூடக் கேட்டிராத ஒரு ரொக் தொகுப்பை ‘நூற்றாண்டின் தனிமையை ஒலியாக வடித்த பெருங்காவியம்’ என்று எழுதினேன்.

அது அச்சாகி இரண்டு வாரம் இருக்கும். பாடசாலை விட்டு, தலவாக்கலை பஸ் பிடிக்க தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துப் பாதையால் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு காம்பராவுக்குள்ளிருந்து, அந்த ஒற்றை அறை வீட்டுக்குள்ளிருந்து, பெரிய சத்தம். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். அந்த அளவில் பழக்கம்.

“பிள்ளை, இது என்ன சத்தம்? கொஞ்சம் குறைச்சுப் போடலாமே?”

“பாட்டுங்க சேர்.”

“பாட்டோ? எனக்கு லொறி ஒண்டு மேடு ஏறுற மாதிரிக் கேக்குது.”

“மொத வாரம் எனக்கும் அப்புடித்தாங்க இருந்துச்சு.”

உள்ளே போய் அந்தத் தொகுப்பின் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். நூற்றாண்டின் தனிமை. என் பெருங்காவியம்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வேறு என்ன செய்வது?

அவர் நாலு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து திரும்பியவர். அந்த வீட்டு மூத்த மகனின் அறையில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகள். “அப்பாவோட சண்டைன்னா ரெப்பு. பரீட்சையில பெயிலுன்னா கித்தாரு. அத வச்சுத்தான் அன்னைக்கு வீட்டு நெலவரம் எங்களுக்குத் தெரியும்” என்றார். நாலு வருடம் தரை துடைத்தபடியே ஒவ்வொரு தொகுப்பையும் முதலிலிருந்து கடைசிவரை நூறு தடவை கேட்டிருக்கிறார். மகனுக்கு அலுத்ததும் எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொன்னான். அவர் குப்பைக்குப் பதிலாகத் தன் சூட்கேசில் போட்டுக்கொண்டார்.

“இங்கிலீஷ் விளங்குமோ?” என்று கேட்டேன்.

“வார்த்த தெரியாதுங்க. பாடுறவன் பொய் சொல்றானா இல்லையான்னு தெரியும்.”

“அப்ப இது எப்பிடி?” என்று பெருங்காவியத்தைக் காட்டினேன்.

“இது மழ வர்ற மாதிரியே காட்டிக்கிட்டு இருக்கும் சேர். இருட்டும், இடிக்கும், காத்தடிக்கும். நாங்களும் நனையாம இருக்க இடுப்புல படங்குச் சீலையக் கட்டிக்கிட்டு நிப்போம். கடைசி வரைக்கும் ஒரு சொட்டு விழாது. கால்தான் கடுக்கும்.”

பஸ்ஸில் ஏறியதும் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பியொன்றின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன். மறந்துபோகக் கூடாதென்பதற்காக என்று எனக்கு நானே சொன்னேன். அடுத்த மாதம் அந்தத் தொகுப்பை ‘மறுபரிசீலனை’ செய்து ஒரு பத்தி எழுதினேன். மழை வந்தது, படங்கு வந்தது, கால் கடுத்தது. அவர் மட்டும் வரவில்லை.

பத்திராதிபர் பாடசாலைக்கே தொலைபேசி எடுத்தார். “இப்பத்தான் ஐசே நீர் எழுதத் தொடங்கியிருக்கிறீர்” என்றார்.

அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் அந்தப் பாதையால் மெதுவாக நடப்பேன். அவர் பிளேன்டீ தருவார், ஒரு தொகுப்பைப் போடுவார், நான் இரண்டு கேள்வி கேட்பேன், அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துச் சொல்வார். ஊரெல்லாம் ஏழைகளின் குரல் என்று கொண்டாடிய ஒரு ஹிப் ஹொப் தொகுப்பைப் பற்றி இப்படிச் சொன்னார்: “கோவம் நெசம்தாங்க. ஆனா பாதிக்குப் பொறகு நம்ம கங்காணி மாதிரி ஆயிர்றான். காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, மொத ஆளத் திட்டுறப்ப கங்காணிக்கு நெசமாவே கோவம். பத்தாவது ஆளுக்கு வர்றப்ப அவரு குரல அவரே ரசிக்கிறாரு.” துயரத்தின் தூதுவன் என்று சஞ்சிகைகள் எழுதிய ஒரு ரொக் பாடகரைக் கேட்டுவிட்டு, “இந்தத் தம்பிக்குக் காய்ச்சல் இல்லைங்க. லீவு வேணும், அதுக்கு மொனகுறாரு” என்றார். நான் ஐந்து நட்சத்திரத்தில் இரண்டைக் கழற்றினேன். கொழும்பில் ஒரு விவாதமே நடந்தது.

இவற்றை எடுத்ததற்கு இன்று வெட்கப்பட்டாலும், அவரிடமே சிரித்துத் தப்பியிருப்பேன். அடுத்ததற்கு அப்படித் தப்ப முடியாது. கறுப்பினப் பெண்ணொருத்தி பாடிய ரெப் தொகுப்பு அது. அவருக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஏன் என்று கேட்டேன். அவர் ஒலியைக் கூட்டினார்.

“கேளுங்க சேர், வரிக்கு நடுவுல மூச்சு எடுக்குறா. மத்தவங்க அந்தச் சத்தத்த அழிச்சிருவாங்க. இவ அழிக்கல. முப்பது கிலோ கூடையோட மேட்டுல ஏறுறப்ப பேசிப் பாருங்க. பேச்சு இப்புடித்தான் வரும். இவளும் எதையோ தூக்கிக்கிட்டுத்தான் பாடுறா.”

அதையும் எழுதினேன். ‘மேட்டில் கொழுந்துக் கூடையோடு ஏறுகிறவனுக்குத் தெரியும்’ என்று, ஏறுகிறவளை ஏறுகிறவனாக மாற்றி. நான் தூக்கி ஏறியதெல்லாம் கொப்பிக் கட்டும் குடையும்தான். மலையக மக்களின் உழைப்பை இப்படி உணர்ந்து எழுதிய யாழ்ப்பாணத்தவர் எவருமில்லை என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை முடிந்து லொறி வரும்வரை, கணக்கப்பிள்ளை வாரப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். பெண்கள் கூடைகளில் சாய்ந்து கேட்பார்கள். நான் எழுதும் பக்கத்தை அவர் தொடுவதில்லை, விளங்காது என்று. அந்த வாரம் ‘கொழுந்துக் கூடை’ என்ற சொல் கண்ணில் பட்டதால் வாசித்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் கூட்டாளிகள் இதையெல்லாம் அவர் வாயால் கொழுந்து பறிக்கும் மலையிலேயே கேட்டவர்கள். ஆனால் அச்சில் வந்தது அச்சில் வந்ததுதான். பேப்பரில் இருப்பதை மாஸ்டர் அவரிடமிருந்து எடுத்திருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? அவர்தான் பேப்பரிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். மகளைக்கொண்டு வாசிக்கவைத்து மனப்பாடம் செய்து தங்களிடம் விடுகிறார் என்று கதை பரவியது.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது அவர் பாடசாலைக்கு வந்த அன்றுதான். மதிய இடைவேளை. படியில் ஏறாமல் கீழேயே நின்றார்.

“சேர், நேத்து மலையில நான் ஒன்னு சொன்னேன். ஒடனே ஒருத்தி கேக்குறா, ‘இது எந்த வாரத்துப் பேப்பர்ல வந்துச்சு?’ன்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன்.”

நான் கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டினேன்.

“நீங்க எடுத்துக்கிட்டதுல எனக்கு வருத்தமில்லைங்க. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இனி நான் என்னா பேசினாலும் அது ஓசி. என் பேச்ச நானே களவாண்ட மாதிரி ஆயிருச்சு.”

அதற்கு நான் செய்தது என்ன தெரியுமா? ஹட்டனில் ஒரு பெரிய பிஸ்கட் பெட்டி வாங்கி மகளிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த நாள் அது உடைக்கப்படாமல் என் மேசைக்குத் திரும்பி வந்தது. அந்தக் காம்பராவில் பாட்டுச் சத்தமும் நின்றது. மலையில் அவர் வாயே திறப்பதில்லை என்று மகள் மற்றப் பிள்ளைகளிடம் சொன்னதை நான் கேட்டேன். பேச்சுக்குப் பேர்போன ஒருவரை நான் ஊமையாக்கியிருந்தேன்.

இரண்டு வாரம் தூக்கமில்லை. பிறகு முழு உண்மையையும் என் பத்தியிலேயே எழுதினேன். அவர் பெயரையும் போட்டேன். பத்திராதிபரோ அந்தப் பெயரை வெட்டிவிட்டு, மேலே ‘சிரித்துச் சிந்திக்க’ என்று தலைப்பிட்டுப் போட்டார். கேட்டதற்கு, “நல்ல பகிடி ஐசே. கொழுந்து பறிக்கிற பொம்பிளை ரெப் விமர்சனம் செய்யிறாவாம். வாசகர் விழுந்து விழுந்து சிரிக்கினம்” என்றார். கடிதங்களும் அப்படியே வந்தன. என் தன்னடக்கத்தைப் பாராட்டி ஐந்து.

அச்சில் செய்ததை அச்சால் திருத்த முடியவில்லை. அதனால் ஒரு நாள் கணக்கப்பிள்ளையிடம் அனுமதி கேட்டு, நிறுவை முடிந்ததும் மடுவத்தில் எழுந்து நின்றேன். ஐம்பது பெண்கள் இருப்பார்கள். அவர் கடைசி வரிசையில், என்னைப் பார்க்காமல், கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். முதல் நாளே எழுதி மனப்பாடம் செய்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். என் வாழ்வில் நான் இழைத்த ஓர் அறிவுசார் அநீதியைப் பற்றி உங்கள் முன்னிலையில்…

“என்னாடி சொல்றாரு?” என்றார் முன்வரிசையில் ஒரு வயதான அம்மா.

“தெரியல. கூட்டுறவுக் கடையில சாமான் வந்திருக்காம் போல.”

நான் பேச்சை விட்டுவிட்டு என் ஊர்ப் பேச்சில் இறங்கினேன். “அம்மாமார், நான் பேப்பரிலை எழுதினதெல்லாம் இவ சொன்னது. நான் ஒண்டும் யோசிச்சு எழுதேல்லை. இவவின்ரை கதையைத்தான் கேட்டுக் கேட்டு…”

“சேர் யாழ்ப்பாணத்துல பேசுறாரு” என்று யாரோ சொல்ல, மடுவம் முழுதும் சிரிப்பு. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“ஒன்னுமில்ல. சேர் களவாண்டுட்டாராம். அத ரெண்டு பாஷையில சொல்றாரு.”

அப்படியொரு சிரிப்பை நான் அந்த மடுவத்தில் கேட்டதில்லை. கணக்கப்பிள்ளை தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னாங்க சேர், நெசமாவா?” என்று வயதான அம்மா கேட்டார். நான் தலையை ஆட்டினேன். “பாருங்கடி, படிச்சவரு. நமக்கிட்ட வந்து களவாண்டிருக்காரு” என்று அவர் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னதில் கோபமில்லை, ஒரு பெருமைகூட இருந்தது.

மறுநாளே அவர் மலையில் பேசத் தொடங்கிவிட்டார் என்று மகள் சொன்னாள். நான் லயத்துப் பாதையால் போகும்போது மட்டும் பேச்சு நிற்கும். “வாய மூடுங்கடி, எழுதுறவரு வர்றாரு” என்பார் யாராவது. பாட்டையும் குறைத்துவிடுவார்கள். எனக்கு இனிமேல் பிளேன்டீ மட்டும்தான் என்று விளங்கியது. அதையும் அவர் சிரித்துக்கொண்டே தந்தார். இனி அவர் பெயரிலேயே எழுதலாம், நான் எழுதிக்கொடுக்கிறேன் என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். “வாராவாரம் தோணாதுங்க சேர். தோணாதத எழுதுனா நானும் கங்காணியா ஆயிருவேன்” என்றார்.

ஆகவே ஹட்டன் கடைக்குப் போய் அந்தப் பெருங்காவியத்தைப் பதிந்து வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தொகுப்பை என் காதால் முழுதாகக் கேட்டேன். மூன்று தடவை. கடைசிப் பாட்டின் நடுவில் இரண்டு நிமிடம் உண்மையாகவே மழை பெய்கிறது என்று எனக்குப் பட்டது. அவருடன் அதில் மட்டும் நான் உடன்படவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். பத்திராதிபர் போட்டார், அடுத்த மாதம் பக்கத்தையே நிறுத்திவிட்டார்.

அந்தப் பத்தியைக் கணக்கப்பிள்ளை மடுவத்தில் முழுவதும் வாசித்தாராம். வாசித்து முடிய எல்லாரும் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள், என்ன சொல்லப்போகிறார் என்று.

“இது சேரு சொந்தமா எழுதுனதுதான்” என்றாராம். “சந்தேகமே வேணாம்.”

கணக்கப்பிள்ளையே பாடசாலைக்கு வந்து இதை எனக்குச் சொன்னார். சொல்லும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது லயத்தில் எது நடந்தாலும், கல்யாணமோ கோயில் திருவிழாவோ, அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்றுதான் முதலில் கேட்கிறார்களாம்.