மைசூருக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம்

மல்லிகைப் பூவும் குதிரை லத்தியும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். சொன்னால் முகம் சுளிப்பீர்கள். ஆனால் மைசூர் ரயிலடியை விட்டு வெளியே வந்து, ஜட்கா வண்டிகளுக்கும் பூக்காரிகளுக்கும் நடுவே நின்ற அந்தக் காலை நேரத்தில், பத்து வயதுப் பெண்ணாகிய எனக்கு அது ராஜாக்களின் மணமாகவே பட்டது. மேட்டூர் அணை கட்டி முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன, தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோரிடமும் 'அரமனையும் கோட்டையும் பாக்கப் போறோம்' என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டிருந்தோம். உண்மையில் நாங்கள் பார்க்கப் போனது என் அக்கா பாவாயிக்கு ஒரு மாப்பிள்ளையை.

மோகனூர்ப் பக்கம் எங்களுக்கு வெற்றிலைக் 'கொடிக்கால்' இருந்தது. அகத்தி மரங்களில் கொடி படர்ந்து நிற்கும்; அப்பா ஏணி சாத்தி ஏறி வெற்றிலை கிள்ளுவார். சேலத்துக்கு அப்பால் அவர் போனதில்லை, போகாததை ஒரு குறையாக நினைத்ததுமில்லை. நாமக்கல் மலைக்கோட்டையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு உலகத்தில் வேறு கோட்டை எதற்கு என்பது அவர் கட்சி. அம்மாவின் தம்பி, எங்கள் மாமன், அதற்கு நேர்மாறு. மாட்டு வியாபாரி. மைசூர்ச் சீமைச் சந்தைகளில் காளை பிடித்து வந்து எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கு விற்பார். அவர்தான் கந்தசாமியின் பேச்சை எடுத்து வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து உறவு. தாய் தகப்பன் இல்லாமல் சிறு வயதிலேயே மைசூருக்குப் பிழைக்கப் போய்விட்ட பிள்ளை.

"அரமனைல பெரிய உத்தியோகமுங்க மச்சான். எலக்ட்ரி ஆபீசரு. அவன் கைய அசச்சாத்தான் மகாராசாவுக்கே வெளிச்சம்" என்றார் மாமன். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். பெண்ணை அரண்மனைக்கே கொடுக்கிற பெருமை அப்போதே அவர் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். "அத்தன தூரத்துல கட்டிக் குடுக்கறதுன்னா, அவளும் ஒருக்கா அந்த ஊரப் பாத்துட்டு வரட்டுமுங்க. நாளைக்கு அங்க இருக்கப் போறவ அவதான?" பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கப் போவது அந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியம். அதனால்தான் தசரா என்றும் கோட்டை என்றும் ஒரு சாக்கு. அம்மா மாடுகன்றைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட, அக்காவுக்குத் துணையாக என்னை அனுப்பினாள்.

ஜோலார்பேட்டையில் ஒரு வண்டி, பெங்களூரில் ஒரு வண்டி என்று மாறி, கண்ணெல்லாம் கரித்தூளாகப் போய்ச் சேர்ந்தோம். மைசூருக்குச் சற்று முன்னால் ரயில் காவிரியைத் தாண்டி, சீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளேயே போனது. கோட்டைக்குள் ரயில் போகிற அதிசயத்தைப் பார்த்து நான் கத்திவிட்டேன். அப்பா மட்டும் அசையவில்லை. "செவுரு நல்ல செவுருதான். ஆனா மலை இல்லியே" என்றார்.

கந்தசாமி ரயிலடிக்கு வந்திருந்தார். கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும். கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டதை நான் கவனித்தேன்; அக்காவும் கவனித்தாள் என்பதை அவள் என் தோளைக் கிள்ளியதில் தெரிந்துகொண்டேன். அவர் அதிகம் பேசவில்லை. சத்திரத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார், சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார், எனக்கு ஒரு பொட்டலம் மைசூர்ப்பாகும் வாங்கி வைத்திருந்தார். அன்று முற்பகலே அரண்மனை வாசலுக்கு அழைத்துப் போனார்.

அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு நாமக்கல் மறந்துபோயிற்று. சிவந்த குமிழ்மாடங்களும் நடுவே வானத்தைத் தொடுகிற கோபுரமும் பொன் கலசமும், சுற்றிலும் கோட்டைச் சுவரும், வாசலில் ஈட்டி பிடித்த சிப்பாய்களும்! மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கந்தசாமி, காவக்காரன்கிட்டச் சொல்லி உள்ள கூட்டிட்டுப் போப்பா" என்றார். கந்தசாமியின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னைக்கு வேண்டாமுங்க, நாளைக்கு..." என்று இழுத்தார். மாமன் உடனே, "மகாராசா பூசைல இருப்பாருங்க" என்று அடித்துவிட்டார். அப்பா நம்பினார். அக்கா நம்பவில்லை.

மறுநாள் சீரங்கப்பட்டணம். அந்த ஊர் ரயிலடியில் ஒரு ஜட்கா பேசிக்கொண்டு கோட்டையைச் சுற்றினோம். சுல்தானின் வேனில் மாளிகையில் சுவர் முழுக்கச் சண்டைப் படம்; யானையும் குதிரையும் பீரங்கியுமாக, ஓர் ஓரத்தில் பயந்து நிற்கிற வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நான் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பிறகு கைதிகளை அடைத்து வைத்த நிலவறையையும், பீரங்கிக் குண்டு உடைத்துப்போட்ட மதிலையும் பார்த்துவிட்டு, ஆற்றைப் பார்த்திருக்கும் தண்ணீர் வாசலுக்கு வந்தபோது உச்சி வெயில். கந்தசாமி கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டார். முழங்கை வரைக்கும் பழைய தீப்புண் தழும்புகள்.

எனக்கு எதையும் அடக்கத் தெரியாது. "ஏனுங்க, ஆபீசர் கையெல்லாம் இப்படியா இருக்கும்? அரமனைல உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மாமன் என் தலையில் குட்ட வந்தார். அதற்குள் கந்தசாமி அப்பாவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"பல்பு மாட்டற வேலைங்க. தசராவுக்கு முன்னால கோபுரத்துலயும் மாடத்துலயும் ஏறி, பட்டுப் போன பல்பையெல்லாம் கழட்டிட்டுப் புதுசு மாட்டோணும். மத்த நாள்ல கம்பி இழுக்கறது. ஆபீசருன்னு நான் சொல்லலீங்க. சொன்னாங்கன்னு தெரிஞ்சப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கோணும், சொல்லாம உட்டுட்டேன். கோட்டுகூட எரவலுங்க."

அப்பா மாமனிடம்தான் முதலில் பாய்ந்தார். "ஏப்பா, சுழி கெட்ட மாட்டுக்கு முடிய ஒதுக்கி மறச்சு விப்பியே, அந்த யாவாரத்த எம்பட புள்ள கிட்டயா காட்ற? சாயங்கால வண்டிக்கே ஊருக்குக் கெளம்பறோம். நடங்க" என்றார். மாமன் மதிலின் நிழலைத் தேடிப் போய் நின்றுகொண்டார்.

அப்போதுதான் அக்கா பேசினாள். அப்பா முன்னால் நிமிர்ந்தே நிற்காத அக்கா.

"நான் இவரையே கட்டிக்கறேனுங்க."

"என்ன சொன்ன?"

"பொய் சொன்னது மாமனுங்க. ஒரு சின்னப் புள்ள கேட்டதுக்கு இவரு நெசத்தச் சொன்னாரு. இன்னொரு பொய் சொல்லியிருந்தா நீங்களும் நம்பியிருப்பீங்க, நானும் கழுத்த நீட்டியிருப்பேன்."

"ஏணில ஏறி பல்பு மாட்டறவனுக்கா பாவாயி?"

"நீங்களும் ஏணில ஏறித்தானுங்க எங்கள வளத்தீங்க."

அப்பா படியிறங்கிப் போய் ஆற்றில் முகம் கழுவினார், வெகுநேரம் கழுவினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு இடத்தை விட்டு நகராமல் நின்றாள். கந்தசாமி தரையைப் பார்த்து நின்றார். அப்பா துண்டால் முகம் துடைத்தபடி ஏறி வந்து, அவரிடம் ஒரு தகப்பன் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்.

"எவ்வளவு உசரம் ஏறுவ?"

"கலசத்துக்குக் கீழ வரைக்குமுங்க."

"கவுறு கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க. முடிச்சு நானே போட்டுக்குவேனுங்க. அதுல மட்டும் ஒருத்தரையும் நம்பறதில்ல."

"எங்க, போட்டுக் காட்டு."

ஜட்காக்காரனிடம் கயிறு வாங்கி வந்தார் கந்தசாமி. கோட்டை வாசல் கல்லில் ஓர் இரும்பு வளையம் பதிந்திருந்தது. அதில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டார். அப்பா அந்தக் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, காலை மதிலில் உதைத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் பின்னால் சாய்த்தார். ஒரு தடவை அல்ல, மூச்சு வாங்குகிற அளவுக்குத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். முடிச்சு இறுகிற்றே தவிர நழுவவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "வண்டியப் பூட்டச் சொல்லு. அரமனையப் பாக்கோணும்" என்றார். மாமன் மெள்ள வந்து சேர்ந்துகொண்டார்.

வெளியாட்களைச் சில கூடங்கள் வரைக்கும் உள்ளே விடுகிற நேரம் ஒன்று இருந்தது. மற்ற ஜனங்களோடு ஜனங்களாக வரிசையில் நின்றோம். கோட்டையும் தலைப்பாகையையும் கழற்றிவிட்டுக் கந்தசாமியும் எங்களோடு நின்றார். கல்யாண மண்டபத்தில் மயில் எழுதிய கண்ணாடிக் கூரை வழியாக வெயில் நீலமும் பச்சையுமாக எங்கள் மேல் இறங்கியது. அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயிலுக்குள் நிற்பதுபோல. "நம்ம நாமக்கல்ல இது இல்ல" என்று அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்ட சாட்சி நான் ஒருத்திதான்.

சாயங்காலம் திடலில் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தோம். அன்று விளக்குகளைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தது. வானம் இருட்டத் தொடங்கியதும், ஒரே நொடியில், அரண்மனை முழுவதும் பொன் கோடுகளாக எழுந்து நின்றது. கூட்டம் 'ஹோ' என்றது. கூடச் சேர்ந்து கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா கத்தவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கந்தசாமியிடம் முதன்முதலாக நேராகப் பேசினாள்.

"அந்த எடது மாடத்துல ஒண்ணு எரியலீங்க."

அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காத்தால மாத்திர்றேனுங்க."

தை மாதம் எங்கள் ஊரில் கல்யாணம் நடந்தது. மாமன்தான் பந்தியில் ஓடியாடிப் பரிமாறினார்; அடுத்த வருஷமே, அந்தச் சம்பந்தம் தன் கண்டுபிடிப்பு என்று சந்தைக்குச் சந்தை சொல்லவும் தொடங்கிவிட்டார். அத்தான் கடைசிவரை உயரத்திலிருந்து விழவில்லை. பிற்பாடு அவருக்குக் கீழே ஆட்கள் வேலை செய்தார்கள். அப்போதும் தன் முடிச்சைத் தானேதான் போட்டார்.

இன்று அரண்மனைக்கு மகாராஜாவின் ஆட்சி இல்லை. ஈட்டிச் சிப்பாய்கள் இல்லை. ரயிலடியில் ஜட்காக்களின் இடத்தில் மோட்டார்கள் நிற்கின்றன. எங்கள் சத்திரம் இருந்த இடத்தைக் கேட்டால் சொல்ல ஆளில்லை. எங்கள் கொடிக்காலும் கரும்புக் காடாகி வெகுகாலம் ஆயிற்று. அப்பா, அம்மா, மாமன், அத்தான் என்று அந்தப் பயணத்தைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், மிஞ்சியிருப்பது அக்காவும் நானுந்தான்.

அத்தான் காரியம் முடிந்ததும், "இனி இங்க தனியா என்ன பண்ணப் போற? ஊருக்கே வந்துரு" என்று நான் அக்காவை வற்புறுத்தினேன். நல்ல சுள்ளென்ற வெயில். அவள் வாசலில் காயப்போட்டிருந்த துணியை மடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். பாதிப் பேச்சு கன்னடமாகிவிட்ட வாயில், பழைய கொங்குப் பேச்சை எங்கிருந்தோ எடுத்துச் சொன்னாள்:

"நீ அரமனை பாக்க வந்தவ சாமி. பாத்துட்டுப் போ. நான் எம்பட ஊட்டுல இருக்கறேன்."