ரேஸ்காட்டு வாட்ச்மேன் வெட்டிய குழிகள்

சேலத்து மலையில், மஞ்சக்குட்டை என்கிற ஊருக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. தண்டைத் துளைக்கிற புழு வந்து செடியெல்லாம் பட்டுப்போன வருஷம், சேலத்து முதலாளி அத்தனையையும் வேரோடு பிடுங்கிவிட்டு, வெறும் மண்சரிவைக் கோயமுத்தூர் மோட்டார் கிளப் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார். புழுவாவது சத்தம் போடாமல் தின்றது. கிளப்காரர்கள் ஜேசிபியோடு வந்து, மேடும் பள்ளமுமாய் ஒரு வளையப் பாதை போட்டு, ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கி, இதுதான் பைக் ரேஸ் டிராக் என்றார்கள். ஊர் அதற்கு ரேஸ்காடு என்று பேர் வைத்தது.

நிலம் கைமாறும்போது அதோடு சேர்ந்து கைமாறியவர் மரியஅந்தோணி. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் மம்முட்டி பிடித்தவர். கிளப் அவருக்குக் காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்து வாட்ச்மேன் ஆக்கியது. விசிலை அவர் ஒருநாளும் ஊதியதில்லை. ஊதினால் யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம். பாதைக்குத் தண்ணி தெளிக்க வேண்டும், பள்ளத்துக்கு மண் போட வேண்டும், மாடு துரத்த வேண்டும். ரேஸ் வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில். மாடு தினமும் வரும்.

ரேஸ் அன்றைக்குச் செம்மநத்தம், வெள்ளக்கடை என்று பக்கத்து ஊரெல்லாம் ஜீப் பிடித்து வந்து சில்வர்ஓக் மரங்களில் தொங்கும். ஆனால் கோப்பை மட்டும் மலையில் தங்காது. பெங்களூர்ப் பையன்களும் கோயமுத்தூர்ப் பையன்களும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கை தட்டுவதும், அவர்கள் குடித்துப் போட்ட பாட்டிலைப் பொறுக்குவதும் நம் ஆட்களின் பங்கு.

இப்படியே போயிருக்கும், வெள்ளக்கடையில் பைக் ரிப்பேர் பார்க்கும் சத்யராஜ் வராமல் இருந்திருந்தால். செத்துப்போன மூன்று வண்டிகளைச் சேர்த்து ஒரு வண்டி கட்டிக்கொண்டு வந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாவதாக வந்தான். அடுத்த வருஷம் இரண்டாவது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ரேஸ் இல்லாத நாட்களில் கிளப்புக்குத் தெரியாமல் அவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டது மரியஅந்தோணிதான். யாராவது கேட்டால், மாடு துரத்த ஆள் வேணுமில்லீங்களா என்பார். அவருக்குப் பிள்ளை கிடையாது. அவர் மனைவி செல்வமேரி ஒருநாள் யாருக்கு என்று கேட்காமலே இரண்டு தூக்கில் சோறு கட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த மே வந்தது. ரேஸுக்கு முந்தின சாயங்காலம் மழை ஊற்றித் தள்ளியது. பாதையின் மேல்வளைவில் வெளியோரமாகத் தண்ணி பாய்ந்து மண்ணை அரித்துக்கொண்டு போனது. காப்பிக்காட்டு ஆள் மண் கரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். தோட்டத்தில் சரிவில் தண்ணி ஓடினால் குறுக்கே நீளக்குழி வெட்டுவார்கள். தண்ணி குழியில் தங்கும், மண் தப்பிக்கும். மரியஅந்தோணியும் நனைந்துகொண்டே முழங்கால் ஆழத்துக்கு வரிசையாகக் குழிகள் வெட்டினார். பாதை பிழைத்தது. பாதையை விட்டு வண்டி வெளியே போகும் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. காப்பிச்செடி எந்தக் காலத்தில் வரிசையை விட்டு வெளியே போயிருக்கிறது?

காலையில் பாதையைச் சோதித்தவர்களுக்குக் கலங்கல் தண்ணி நிறைந்த குழிகள் சும்மா தேங்கலாகத்தான் தெரிந்தன. ரேஸில் சத்யராஜ் எல்லாருக்கும் முன்னால் வந்தான். கடைசிச் சுற்று. மேல்வளைவில் எல்லாரும் செய்வதுபோலக் கொஞ்சம் அகலமாகத் திரும்பினான். முன்சக்கரம் குழியில் இறங்கியது.

ஓடிப்போய் முதலில் தூக்கியவர் மரியஅந்தோணி. யார் வெட்டியது என்று கிளப்காரர் கத்தியபோதும் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நாந்தாங்க. தண்ணி மண்ண இழுத்துட்டுப் போச்சுங்க."

சேலம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், வலது முழங்காலைக் காப்பாற்ற முடியவில்லை. அது மடங்கவே இல்லை. மரியஅந்தோணி ஒரு பை கமலா ஆரஞ்சோடு போய், கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, படி ஏறாமலே பஸ் ஏறினார். பழத்தை மாடு தின்றது. பையனின் அம்மா தனலட்சுமியைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது அவர் ஒதுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"உங்க மேல தப்பில்லீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வர்லீங்க. திட்டவும் வர்லீங்க" என்றாள்.

கிளப் பூட்டிக்கொண்டு போனது. வெறுங்காட்டுக்கும் காவல் வேண்டுமென்று முதலாளி இவரை மட்டும் வைத்துக்கொண்டார். குழிகளை மரியஅந்தோணி அன்றைக்கே மூடிவிட்டார்தான். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அந்த இடம் உள்ளே இறங்கும், இவர் மறுபடி மண் போடுவார். சர்ச்சில் முடவன் எழுந்து நடந்த கதையை ஃபாதர் ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். சத்யராஜ் ஒரே ஒரு தடவை நேரில் வந்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனால் போதும் என்று காத்திருந்தார். நாலு வருஷமாக அவன் வரவில்லை.

இந்த வருஷம் காடு விலைபோய்விட்டது. காட்டேஜ் கட்டப் போகிறார்கள். நாளைக்கு ஜேசிபி வருகிறது என்ற அன்று மத்தியானம், சத்யராஜ் தன் பழைய வண்டியை லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான்.

"கேட்டத் தொறங்கண்ணா. ஒரு ரவுண்டு."

திறந்தார். வண்டியை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்; உதைக்கிற கால்தான் போய்விட்டதே. அவன் ஏறி உட்கார்ந்து சும்மா இருந்தான். மரியஅந்தோணி புரிந்துகொண்டு, உதைத்து உதைத்து ஒருவழியாய்க் கிளப்பிவிட்டார். அவன் போனதும் குறுக்கே சரிந்து ஓடி, மேல்வளைவின் வெளியோரத்தில், மூடிய குழிகளின் மேலேயே கையை விரித்து நின்றுகொண்டார்.

அவன் மெதுவாகத்தான் வந்தான். இவரைப் பார்த்து நிறுத்தினான்.

"ஒதுங்குங்கண்ணா."

"மண்ணு இன்னும் எறங்குது சாமி."

"தெரியும். நீங்க ரொப்பறத மேல ரோட்டுல நின்னு பாத்துட்டுத்தான் போவேன்."

மரியஅந்தோணி காலடி மண்ணைப் பார்த்தார். "அப்ப ஒருதடவ வந்து திட்டியிருக்கலாமில்ல கண்ணு."

சத்யராஜ் ஆக்சிலேட்டரில் கை வைத்தான்.

"திட்டிப்புட்டா நீங்க நிம்மதியா ஊட்டுக்குப் போயிருவீங்க. அதான் வர்ல."

சொல்லிவிட்டு உள்ளோரமாக வளைத்துக்கொண்டு போனான். இவர் விரித்த கையை இறக்கவில்லை. சத்தம் பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, கேட்டுப் பக்கம் போய் நின்றுபோனது. வண்டி அணைந்துவிட்டது. அங்கே உதைத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை.

மரியஅந்தோணி மூச்சு வாங்கக் கேட்டுக்கு ஏறினார். அவன் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். இவரும் முகத்தைப் பார்க்காமல் உதைத்துவிட்டார். வண்டி கிளம்பியது. கேட்டைத் தாண்டிப் போகும்போது அவன் தலையை ஆட்டினானா, மேட்டில் வண்டி குலுங்கியதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.