மடித்துப் பிடித்த துவக்கு

அந்தப் படத்தில் அத்தான் சிரித்துக்கொண்டிருப்பார். பச்சை நிறத்தில் கையில்லாத மேற்சட்டை, தலையில் தட்டைத் தொப்பி, பின்னால் மழையில் நனைந்த புல்வெளி. இடது முழங்கையின் மேல் ஓர் இரட்டைக்குழல் துவக்கு நடுவில் மடிந்து தொங்கும். லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இருந்த அவருடைய பலசரக்குக் கடையில், காசு வாங்கும் மேசைக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்கும் ஊதுபத்திப் பெட்டிகளுக்கும் நடுவில் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கடைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பிள்ளையாருக்கு இரண்டாம் இடந்தான் கிடைத்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். ஊரில் பிரச்சினை முற்றுவதற்கு முன்பே, மீசை அரும்புகிற வயதில் வெளிக்கிட்டு ஜேர்மனிக்குப் போனவர். அங்கே ஹோட்டல் கிச்சின்களில் காலம் கழித்துவிட்டு, பிறகு லண்டனுக்கு வந்து கடை எடுத்தார். ஊரில் அவர் கையால் தொட்ட ஆகப் பெரிய ஆயுதம் தேங்காய் துருவுகிற திருவலைதான் என்று அக்கா நையாண்டி செய்வாள். மனிதர் வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். முற்றிப்போன கத்தரிக்காயைக்கூட அந்தச் சிரிப்போடு சேர்த்து விற்றுவிடுவார். நான் அந்தக் கடையில் மேசைக்குப் பின்னால் நின்று வேலை செய்தவள் என்பதால், சனம் சாமானுக்காக வந்ததா சிரிப்புக்காக வந்ததா என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

துவக்கு அவருக்குப் பழக்கமானது ஒரு வெள்ளைக்காரரால். கூரை வேலை செய்கிற அந்த மனிதர் காலையில் பேப்பர் வாங்க வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரொய்டனையும் தாண்டி எங்கோ ஒரு வயல்வெளிக்கு அத்தானைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஓர் இயந்திரம் மண்ணால் செய்த சின்னத் தட்டுகளை வானத்தில் வீசும். விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. முதல் தட்டு உடைந்த கதையை அத்தான் அந்தக் கிழமை முழுவதும் வந்த ஆட்களுக்கெல்லாம் சொன்னார். பிறகு முறைப்படி அனுமதி கேட்டார். பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், கேள்விகள் கேட்டார். போகும்போது, வீட்டில் துவக்கு இருப்பதை ஊருக்கெல்லாம் சொல்லித் திரியாமல் இருப்பது நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அத்தான் அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டு நடந்தார்.

படம் சுவரில் ஏறிய அன்றைக்கே அக்கா சண்டை பிடித்தாள். "உந்தத் துவக்கைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டச் சொன்னவங்கள். நீங்கள் கொண்டந்து சாமிக்குப் பக்கத்திலை மாட்டியிருக்கிறியள்."

"துவக்கைத்தானே பூட்டச் சொன்னவங்கள். சந்தோசத்தையுமோ பூட்டச் சொன்னவங்கள்?" என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "வெள்ளைக்காரங்கள் துவக்குப் படத்தை வான் கதவிலை ஸ்ரிக்கரா ஒட்டுறாங்கள், தொப்பியிலை போடுறாங்கள், பப் சுவரெல்லாம் படந்தான். அவன் மாட்டினால் பொழுதுபோக்கு, நான் மாட்டினால் மட்டும் வேறை கதையோ மச்சாள்?"

உண்மையில் எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. எங்கள் ஆட்களின் படங்கள் அநேகமாகப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தவை, மிரண்ட கண்ணோடு நேரே பார்ப்பவை. யாருக்கும் பயப்படாமல் ஒரு மனிதர் வெட்டவெளியில் நின்று சிரிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். துவக்கைப் பற்றி இனி விளையாட்டாகவும் பேசலாம் என்று அத்தானைப் போலப் பலரும் நம்பியிருந்தார்கள்.

கடைக்கு வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. இங்கே பிறந்த பெடியள் மட்டும், "அங்கிள், இது ரியலோ?" என்று ஆசையாகக் கேட்டார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு நிலத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் போன்கார்ட் வாங்கிக்கொண்டே என் காதுக்குள், "அண்ணை முந்தி எந்த இயக்கத்திலை நிண்டவர்?" என்று கேட்டார். ஜேர்மனியில் கிச்சினில் நின்றவர் என்றேன். அவர் நம்பவில்லை. அத்தான் தன் பாட்டுக்கு எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "பாருங்கோ, மடிச்சுத்தானே பிடிச்சிருக்கிறன். இப்பிடி மடிச்சால் ஒருத்தரையும் சுட ஏலாது. மற்றவைக்குப் பயமில்லையெண்டு காட்டுறதுக்குத்தான் இப்பிடிப் பிடிக்கிறது." அந்த வயல்வெளியில் அது மரியாதையான வழக்கந்தான். எங்கள் சனத்துக்கு மடித்த துவக்கும் மடிக்காத துவக்கும் ஒன்றாகவே தெரிந்தது.

கடைக்குத் தவறாமல் வருகிற ஓர் அம்மா இருந்தார். ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அங்கே நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள், லண்டனிலும் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கவுன்சில் பிளாட் ஒன்றில் தனியாக இருந்தார். ஒரு பிடி கறிவேப்பிலை, ஒரு தேங்காய், ஒரு போத்தல் பால், அவ்வளவுதான் வாங்குவார். ஆனால் அரிசி மூட்டைக்குப் பக்கத்து ஸ்ரூலில் வெகுநேரம் இருந்து கதைப்பார். அத்தானின் கத்தரிக்காய்க்குத் தன்னைவிட வயது கூட என்பார். அத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார். மிஸி ஒரு நாளில் வாய் திறந்து தமிழ் பேசுவது அந்த ஸ்ரூலில் இருக்கும்போது மட்டுந்தான். படம் மாட்டியபின் முதல்முறை வந்தவர், கையில் எடுத்த தேங்காயைத் திரும்ப வைத்தார். "அடுப்பிலை வைச்சிட்டு வந்திட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை. இயலாத முழங்காலோடு பஸ் ஏறி ரூட்டிங் பகுதிக் கடைகளுக்குப் போய்ச் சாமான் வாங்குகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

அத்தானுக்கு மனம் பொறுக்கவில்லை. தன் பகிடி ஏதோ அவரை நோகப் பண்ணிவிட்டது என்றே நினைத்தார். ஒரு பின்னேரம் முருங்கைக்காயும் தேங்காயும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மிஸியின் பிளாட்டுக்குப் போனார். மிஸி சங்கிலியை விலக்கிக் கதவைத் திறந்தார், வாங்கோ என்றார், கதிரையின் நுனியில் இருந்தார். அத்தான் பதற்றம் வந்தால் கூடக் கதைப்பவர். மழை, பஸ், முருங்கைக்காயின் விலை என்று எல்லாவற்றையும் கதைத்தார். மிஸி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனத்தாங்கல் உள்ள வீட்டில் வாய்விட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தால், எங்களுக்குள் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அத்தானும் அதைத்தான் செய்தார். முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார்.

மிஸி எழுந்து குசினிக்குள் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அது நிற்கவேயில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கிளாஸ் நிறைந்து அவருடைய கைக்கு மேலால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"பிள்ளை, அண்டைக்கும் இப்பிடி ஒரு பின்னேரந்தான். படலையைத் திறந்துகொண்டு வந்தவன். துவக்கைக் கையிலை தொங்கவிட்டுக்கொண்டு, 'அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ' எண்டு சிரிச்சவன். நல்ல பிள்ளையின்ரை சிரிப்பு. நானும் சிரிச்சுக்கொண்டு செம்பிலை குடுத்தன். குடிச்சு முடிச்சிட்டு, 'அண்ணையை ஒருக்கா விசாரிச்சிட்டு விடுறம்' எண்டு என்ரை மனிசனைக் கூட்டிக்கொண்டு போனவன்."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. முன்னறையில் மாலை போட்ட ஓர் ஆணின் படம் இருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன்.

"ஆஸ்பத்திரியிலை எத்தினை சூட்டுக்காயத்துக்கு மருந்து கட்டினனான். துவக்குக்கு நான் பயமில்லை. துவக்கோடை சிரிக்கிற முகத்தைத்தான் என்னாலை பாக்க ஏலாது. இவர் அவனில்லையெண்டு எனக்கு நல்லாத் தெரியும், பிள்ளை. உன்ரை அத்தானிலை ஒரு பிழையுமில்லை. ஆனால் அந்தப் படத்தைக் கண்ட நாளிலையிருந்து இவர் சிரிச்சால் எனக்கு அவன்ரை முகந்தான் தெரியுது."

நான் குழாயைப் பூட்டினேன். அந்தப் பிளாட்டில் குசினிக்குக் கதவு இல்லை. முன்னறைக்குத் திரும்பியபோது அத்தான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தண்ணீர் குடிக்காமலே படியிறங்கினார். அன்றைக்கே, கடையில் ஆட்கள் நிற்கும்போதே, ஸ்ரூலில் ஏறிப் படத்தைக் கழற்றினார். அந்த இடத்தில் போன்கார்ட் விளம்பரம் ஒன்றை ஒட்டினார். துவக்கை அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சுட்டுவிட்டு, தொப்பியைக் கடை வான் வண்டிக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டு வருவார். எத்தனை தட்டு உடைந்தது என்று நாங்கள் கேட்டால்கூடச் சொல்லமாட்டார்.

படம் போய்விட்டது என்று அக்கா சொல்லி அனுப்பியதால் கொஞ்ச நாளில் மிஸி வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் அத்தானின் வாய் பழக்கத்தில் சிரிக்கப் போனது. பாதியில் அதை நிறுத்தினார். ஒரு மனிதர் தன் முகத்தைக் கடை ஷட்டர்போல இழுத்து மூடியதை நான் முன்பு கண்டதில்லை. குனிந்தபடியே கத்தரிக்காயை நிறுத்துக் கொடுத்தார். மிஸி ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஸ்ரூலில் போய் இருந்தார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். மிஸி வரும்போது அத்தானுக்குச் சிரிப்பில்லை, பகிடியில்லை. இருவருக்கும் ஏதோ கோபம் என்று சனம் கதைத்தது. கோயில் ஐயா ஒருவர் சமாதானம் பேசவும் வந்தார். அவர் பேசி முடிக்கும்வரை இருவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸி போகும்போது என்னிடம், "உன்ரை அத்தான் பெரிய மனிசன்" என்றார். அத்தான் கேட்டும் கேளாததுபோலப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு குளிர்காலத்தில் மிஸி செத்துப்போனார். இனியாவது அத்தான் பழையபடி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். வீட்டில் பேரப்பிள்ளைகளோடு சிரித்தார், வயல்வெளியில் சிரித்திருக்கவும் கூடும். கடையில் மட்டும் இல்லை. அந்தக் கடை இப்போது கோழி பொரிக்கிற கடை. அவ்வழியால் போகும்போது, தன் சந்தோஷத்தைச் சுவரில் மாட்ட ஒரு மனிதருக்கு உரிமை இல்லையா என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். உரிமை இருக்கிறது என்றே இன்றைக்கும் சொல்வேன். சொல்லும்போதே வழிகிற அந்தக் கிளாஸும் கண்ணுக்குள் வரும், எனக்கு அத்தான்மேலும் கோபம் வரும், மிஸிமேலும் கோபம் வரும், படலையைத் திறந்துகொண்டு வந்தவன்மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை.

கடை கைமாறுவதற்கு முன்பு, ஊரில் போர் முடிந்த ஆண்டு, அங்கே புது முகங்கள் வரத் தொடங்கின. ஒரு நாள் ஒரு பெண் சின்ன மகளையும் பிடித்துக்கொண்டு வந்து இடியப்ப மா இருக்கிறதா என்று கேட்டாள். மெல்லிய குரல், உடம்புக்குப் பெரிய குளிர்ச்சட்டை. அத்தான் மா பையை மேசையில் வைத்தார், மிச்சக் காசைத் தள்ளினார், முகத்தில் ஒன்றுமில்லை. பிள்ளை தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர்கள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனத்தான், மிஸி செத்து எவ்வளவு காலம். அந்தப் பிள்ளை உங்களைப் பாத்துப் பயந்துபோச்சு. ஒருக்கால் சிரிச்சால் என்ன?"

அத்தான் அவர்கள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கலாம் மச்சாள். ஆனால் தாய் என்னத்தைக் கண்டிட்டு வந்ததோ, எங்களுக்குத் தெரியாது தானே."