யூசுப் எடுத்துக் கொடுத்த சொல்

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் மகன் யூசுப் ஓதிக்கொண்டிருந்தான். பாதி வசனத்தில் நின்று, "அத்தா, லாந்தர் கண்ணுல குத்துது" என்றான். திரியைத் தணித்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவனால் கழுத்தை வளைக்க முடியவில்லை.

ஒரு தடவை கேட்டதை மறக்காத பிள்ளை. பன்னிரண்டு வயதுக்குள் குர்ஆனில் பாதிக்கு மேல் மனப்பாடம். பள்ளிவாசலில் தொழவைப்பவர் ஓதும்போது தடுமாறினால், பின்னாலிருந்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அவன் குரல்தான்.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குப் பஸ் ஏறினோம். கல்பாக்கத்து மின்நிலைய வேலைக்குப் போகும் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அது ஊர்ந்தது. வழியெல்லாம் என் மடியில் வாந்தி.

ஆஸ்பத்திரியில் லம்பார் பங்சர் (முதுகெலும்பின் இடையே ஊசி செலுத்தி நீர் எடுப்பது) செய்தார்கள். மெனிஞ்சைடிஸ் (மூளையைச் சுற்றியுள்ள உறையில் உண்டாகும் வீக்கம்) என்றார் டாக்டர். பென்சிலின் ஊசி தொடங்கினார்கள்.

"உயிர் பிழைச்சிடுவான்னு நம்புறேன். காதோ ஞாபகமோ பாதிக்கலாம், இப்ப சொல்ல முடியாது. எதையும் கேட்டு அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் அவர்.

ஜுரம் இறங்கியது. கண் திறந்தான். பேசவில்லை. எங்களைத் தெரிந்துதான் பார்க்கிறானா என்பது புரியவில்லை. பொறுக்க முடியாமல், "நான் யாரு, சொல்லு" என்று காதருகே கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் மகளோடு இருந்த, கருங்குழி ஊர்க்கார அம்மாள் அதட்டினாள்: "இன்னா பாய், ஸ்கூல் இன்ஸ்பெக்டர் கணக்கா கேட்டுகினே கீற? நல்லா கீறவனுக்கே மறந்துபூடும். கம்னு குந்து."

அழுதுகொண்டிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள்.

மதரசாவில் அவனுக்கு ஓதிக் கொடுக்கும் ஹஜரத் பார்க்க வந்தார். "அறிவு அல்லாஹ் கொடுத்த அமானிதம் பாய். அவனையே நம்புங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அமானிதம் என்பது, நம்பி ஒப்படைத்தவர் கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய பொருள் அல்லவா?

அன்று அந்தியில், மஃரிப் தொழுகை நேரத்தில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே துண்டு விரித்துத் தொழுதேன். சின்ன வயதிலிருந்து ஓதும் குர்ஆன் சூராதான். நடுவில் அடுத்த சொல் வரவில்லை. திரும்பத் தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது. ஒன்றுமே இல்லை. யூசுபின் தலைக்குள்ளும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து, கட்டிலிலிருந்து, கரகரப்பாக ஒரு சொல் வந்தது. அடுத்த சொல்.

தொழுகையை முறித்துக்கொண்டு திரும்பினேன். கண் மூடியிருந்தான். உதடு அடுத்த வசனத்துக்குப் போயிருந்தது. பிறகு "அத்தா, தண்ணி" என்றான்.

தொழுகையை முதலிலிருந்து தொழுதேன். என்ன ஓதினேன் என்பது நினைவில் இல்லை.

இப்போது அதே மாதிரிக் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவர்களிடம் மறைக்க விரும்பவில்லை. எல்லாம் திரும்பவில்லை. அவனுக்கு இடது காது மந்தம். மனப்பாடத்தில் சில பகுதிகள் போய்விட்டன. மெதுவாக மறுபடி பாடமாக்குகிறான். போனவையும் கொடுத்தவனிடம்தான் பத்திரமாக இருக்கின்றன என்று நம்புகிறேன். பயமும் போகவில்லை.

வீட்டில் மஃரிப் தொழவைக்கும்போது, அன்று நான் தடுமாறிய இடம் வந்துவிடுகிறது. அடுத்த சொல் எனக்குத் தெரியும். ஆனாலும் நாக்கு நின்றுவிடுகிறது. பின்னால் அவன் மூச்சை இழுப்பது கேட்கிறது. முன்பெல்லாம் அவன் சொல் வரக் கண் இமைக்கும் நேரம்தான். இப்போது எவ்வளவு நீளம் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் சொல்லுக்காக நிற்கிறேன்.